மூன்றாவது பேர்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? அங்கே குளிரில் பல் கிட்டுகிறது என்று எழுதியிருந்தாய். நான் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா, இல்லை பெட்டியில் மடித்து வைத்து அழகு பார்க்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஐந்தாவது மாதம்.

முன்னாலேயே சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. சொன்னால் போய்விடுமோ என்று பயம். இப்போது வயிறே ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறது. உன் அத்தான் வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. பம்பு பட்டறையிலிருந்து வந்தார், கேட்டார், கிரீஸ் போகக் கையைக் கழுவினார், கழுவின கையை மறுபடியும் கழுவினார். அவ்வளவுதான். டாக்டரம்மா மட்டும் நிறையப் பேசுகிறார். டாக்டர்கள் என்றால் பேசத்தானே செய்வார்கள்.

முதல் இரண்டும் எப்படிப் போயின என்று உனக்குத் தெரியும். மூத்தவள் டாக்சியில் பிறந்தாள். ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்தவள் நாலு நாள் இருந்தாள். அந்த நாலு நாளும் மழை விடவில்லை, வெயில் என்று ஒன்று உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. என் மாமியார் வீட்டில் பிள்ளை பிறந்து ஒரு மாதம் தாண்டினால்தான் பேர். அதற்கு முன்னால் பேரைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. அதனால் இரண்டு பேருக்குமே பேர் கிடையாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் இரண்டு தடவையும் 'பெண் குழந்தை' என்று எழுதிக் கொடுத்தார்கள். தம்பி, நினைத்து அழுவதற்குக்கூட ஒரு பேர் வேண்டியிருக்கிறது. 'அது' என்று சொல்லி எத்தனை நாள் அழுவது?

இந்தத் தடவை நான் விடமாட்டேன். வயிற்றில் இருக்கும்போதே பேர் வைத்துவிடப் போகிறேன். நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். அக்காமார் இருவரிடமும் கேட்டால் மறுநாளே மாமியார் காதுக்குப் போய்விடும். அத்தானிடமும் சொல்லவில்லை. நமக்குள் இருக்கட்டும்.

அர்த்தம் நல்லதாக இருக்க வேண்டும். என் பேருக்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவதும் பெண் என்றதும் அப்பா வெறுத்துப்போய் 'போதும்' என்று வைத்தார். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவார்கள். இன்றைக்கும் கையெழுத்துப் போடும்போது ஒரு நிமிஷம் கை நிற்கும். அந்த மாதிரி வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பதிலைத் தள்ளிப்போடாதே.

உன் அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் சுகம். சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நீ நம்பமாட்டாய் என்பதால் காலரில் இருக்கும் உன் தையல் கோணலைச் சாட்சியாகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் செய்த கூத்தை இங்கே எல்லோரும் பார்த்துவிட்டார்கள். என்ன என்று கேட்டார்கள். மாமன் ஆகப் போகிறேன் என்றேன். சலவைக்கூடமே கை தட்டியது.

பேர் கேட்க நீ சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாய். என் வேலை என்னவென்று இதுவரை உனக்கு விவரமாக எழுதியதில்லை. ஓட்டல், தொழிற்சாலை, கப்பல் என்று பல இடத்திலிருந்து சீருடைகள் மூட்டை மூட்டையாக இங்கே வெளுக்க வரும். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொன்றின் காலருக்குள்ளும் வெள்ளை நாடாவில் சொந்தக்காரன் பேரைச் சிவப்பு நூலால் தைப்பது நான்தான். காலையிலிருந்து சாயங்காலம்வரை பேர், பேர், பேர். வாயில் நுழையாத பேர்கள். மூட்டை கொண்டுவரும் வண்டிக்காரர்களிடம் அர்த்தம் கேட்பேன். அவர்களுக்கும் பொழுது போகும்.

எங்கள் மேஸ்திரி ஊரில் பிறந்த கிழமையையே பிள்ளைக்குப் பேராக வைப்பார்களாம். நான் இங்கே சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. என் பேர் அவர் வாயில் வரவில்லை. "உன் பேரு இனிமே செவ்வாய்" என்று சொல்லிவிட்டார். சம்பளம் வாங்கும்போதும் செவ்வாய்தான். முதல் மாதம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

சரி, பேருக்கு வருகிறேன். மேஸ்திரியின் தங்கை பேருக்கு 'வழியில் பிறந்தவள்' என்று அர்த்தம். அவர்கள் அம்மா சந்தைக்குப் போகும்போது பாதையிலேயே பிறந்துவிட்டாளாம். அதை அவர்கள் குறையாக நினைப்பதில்லை. வழியே அவளை வரவேற்றது என்று சொல்கிறார்கள். நான் அதை நம் பாஷைக்குக் கொண்டுவந்து 'வழியழகி' என்று ஆக்கினேன். எப்படி இருக்கிறது?

அத்தானுக்கு வணக்கம் சொல். கால் நீட்டி உட்கார்.

தம்பி (எனும் செவ்வாய்)


மார்ச் 10

என் செவ்வாய்க்கு,

நாங்கள் சுகமே. கால் கொஞ்சம் வீங்குகிறது, நின்று பாடம் நடத்தினால் யாருக்கும் வீங்கும். நீ இரவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கு.

வழியழகி என்ற பேரைப் படித்துவிட்டுச் சமையலறையில் நின்று ஒரு தரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. "எங்கே கவனம்?" என்று மாமியார் கேட்டார். எங்கே என்று எப்படிச் சொல்வது? ரொம்ப நல்ல பேர், தம்பி. வழியே வரவேற்றது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் பல தடவை படித்தேன்.

ஆனால் இந்தப் பிள்ளைக்கு அது வேண்டாம். ஏன் என்று கேட்காதே. வேறொன்று அனுப்பு.

என் வகுப்புக்கு இந்த வருஷம் ஒரு பையன் வந்திருக்கிறான். அவன் பிறந்த அன்று அவன் அப்பா தேர்தலில் நின்றாராம். பிள்ளைக்கு 'வெற்றிநிச்சயம்' என்று பேர் வைத்துவிட்டார். சாயங்காலம் ஓட்டு எண்ணி முடித்தபோது கட்டிய டெபாசிட்டும் போயிற்று. தினமும் காலையில் நான் "வெற்றிநிச்சயம்" என்று கூப்பிட வேண்டும். நேற்று அவனுக்குக் காய்ச்சல். நான் கூப்பிட்டதும் வகுப்பே சேர்ந்து "வரலை டீச்சர்" என்று கத்தியது. சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது. அப்புறம் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றுமில்லை, உள்ளே இருப்பதும் சேர்ந்து சிரித்திருக்கிறது.

ஒரு பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அது "உள்ளேன்" என்று சொல்வதைக் கேட்பது எத்தனை பெரிய விஷயம் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியவில்லை.

உன் அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஜன்னல் சாத்தியிருக்கிறது. உன் கால் வீக்கத்தை டாக்டரம்மாவிடம் காட்டினாயா? பதிலில் அதை மறக்காமல் எழுது.

துணிக்கடையில் புடவை எடுக்கும்போதே பத்துப் புரட்டிப் போட வைத்துவிட்டு முதலில் பார்த்ததை எடுப்பவள்தானே நீ. பேரிலும் அதே வேலையைக் காட்டுகிறாய். பரவாயில்லை, கடைக்காரன் தம்பி. புரட்டு.

இந்த வாரம் இஸ்திரி இயந்திரத்தில் வேலை பார்க்கும் அம்மாவிடம் கேட்டேன். அவர்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் பிள்ளை தங்காமல் போனால், அடுத்ததற்கு வேண்டுமென்றே அசிங்கமான பேர் வைப்பார்களாம். குப்பை, சாணி, யாருக்கும் வேண்டாம், இப்படி. இதைப் போய் யார் தூக்குவார்கள் என்று சாவு விட்டுவிட்டுப் போய்விடுமாம். அந்த அம்மா பேரே 'தூக்கி எறிந்தது'. அறுபது வயதிலும் கல்லுமாதிரி இருக்கிறார். ஆனால் நம் பிள்ளையை அப்படிக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. சாவை ஏமாற்றுவதற்காகப் பிள்ளையைத் திட்டிக்கொண்டே வளர்ப்பதா?

அவரே இன்னொரு பேரும் சொன்னார். அவருடைய சின்னம்மா மகள் பேர். மெல்லிசாகப் பெய்து, நனைத்தும் நனைக்காமலும் போகிற மழைக்கு அவர்கள் பாஷையில் என்ன சொல்வார்களோ அதுதான் பேர். நம் வாயில் சொன்னால் 'தூறல்'. இதைவிட மெல்லிய பேர் உனக்கு எங்கே கிடைக்கும்?

இங்கே ஒரு கூடை இருக்கிறது. பேர் நாடா பிய்ந்துபோன துணிகளை அதில் போடுவோம். அநாதைக் கூடை என்று பேர். ஒரு மாதம் யாரும் கேட்டு வராவிட்டால் கிழித்துத் தரை துடைக்க எடுத்துக்கொள்வார்கள். எத்தனை நல்ல கோட்டாக இருந்தாலும் சரி. உன் கடிதம் வந்ததிலிருந்து அந்தப் பக்கம் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. நேற்று யாருக்கும் தெரியாமல் இரண்டு சட்டைகளுக்கு நானே ஏதோ ஒரு பேரைத் தைத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

தூங்கு, சாப்பிடு, மாமியாரோடு மல்லுக்கு நிற்காதே.

தம்பி


ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும். கால் வீக்கத்தைக் காட்டினேன். உப்பைக் குறைக்கச் சொன்னார். வேறென்ன சொல்லப் போகிறார். பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு போட்டுவிட்டேன், அதுவும் சும்மா முன்யோசனைதான். எழுத்து நடுங்கியிருந்தால் படுத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று அர்த்தம்.

தூறல். அன்றைக்கு ராத்திரி படுக்கையில் அதைச் சொல்லிப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரையும் சேர்த்துச் சொன்னேன். ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினேன், தம்பி. உனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, நீ எனக்குச் செய்திருப்பது பெரிய காரியம். வீட்டில் நடக்கும்போதெல்லாம் இப்போது ஏதோ முணுமுணுக்கிறேன் என்று மாமியார் அத்தானிடம் சொல்லியிருக்கிறார். "பாட்டு" என்றேன்.

கோபித்துக்கொள்ளாதே, இதுவும் இந்தப் பிள்ளைக்கு இல்லை. இன்னும் ஒன்றே ஒன்று அனுப்பு. புரட்டிப் போட வைக்கிறேன் என்று திட்டினாலும் சரி. மூன்றாவதை அனுப்பு, அதுதான் இவளுக்கு. எதுவாக இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன். இதற்குமேல் கேட்கவே மாட்டேன், சத்தியம்.

இவளும் பெண்தான். எனக்குத் தெரியும். ஜூன் இரண்டாவது வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் வந்தால் போதும்.

பார், எப்படிச் சுற்றினாலும் என் பேரிலேயே வந்து முடிகிறது.

உன் அக்கா


மே 14

அன்புத் தம்பிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு என்ன? தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அவர் மூஞ்சியைப் பார்த்துவிடுகிறேன். அவரும் என்னைப் பார்க்காததுபோலப் போகப் பழகிவிட்டார்.

நான் கேட்டது உனக்குத் தொல்லையாக இருந்ததா? அப்படி இருந்தால் சொல்லிவிடு. நல்ல அர்த்தம்தான் வேண்டும் என்றில்லை. அந்தக் கூடைச் சட்டைக்குத் தைத்தாயே, அந்த மாதிரி ஏதோ ஒன்று போதும்.

நான் நன்றாகவே இருக்கிறேன். அத்தான் ராத்திரியில் என் மூச்சைக் கவனிக்கிறார். தூங்குவதுபோல நடித்துக்கொண்டு கவனிக்கிறார், நானும் தூங்குவதுபோல நடித்துக்கொண்டு அதைப் பார்க்கிறேன்.

அக்கா


மே 28

தம்பி,

நலமா என்று எத்தனை தடவை கேட்பது. இருக்கிறேன் என்று ஒரு வரி போடு. பேர்கூட அப்புறம்.

இல்லை, அப்புறம் வேண்டாம். பேரையும் எழுது. பேர் இல்லாமல் அந்த வார்டுக்குள் மூன்றாவது தடவை போக எனக்குத் தெம்பு இல்லை.

அக்கா


மே 30

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். வேலை அதிகம். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து பயப்படாதே. மேஜை ஆடுகிறது. மன்னித்துவிடு.

எங்கள் வண்டிக்காரப் பெரியவர் ஒருவர் உண்டு. அவர் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "எங்கம்மா ரொம்ப வருஷம் கேட்டா. நான் வந்தேன். 'கேட்டு வாங்கினவன்'னு வச்சா" என்றார். அவ்வளவுதான் கதை. சொல்லும்போது அறுபத்தைந்து வயது மனுஷன் சின்னப்பையன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

உனக்கு அப்பா 'போதும்' என்று வைத்தார். அதற்கு நான் சொல்கிற பதில் இது. உன் மகள் பேர் 'வேண்டியவள்'. பேர் நீளம்தான். கூப்பிட 'வேண்டி' என்று வைத்துக்கொள். யாராவது இது என்ன பேர் என்று கேட்டால், நாங்கள் கேட்டு வாங்கினவள் என்று சொல். நமக்கு வேண்டியவள், வேறென்ன.

இன்றே தபாலில் போடுகிறேன். பயப்படாமல் போய் வா.

தம்பி


ஜூன் 22

மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. உன் நலம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நீ நலமா?

தந்தி கொடுக்கப் போனேன். அந்தத் தாளில் எழுத வார்த்தை வரவில்லை. திரும்பிவிட்டேன். உன் அக்கா இந்த மாதம் ஒன்பதாம் தேதி காலமானாள். குழந்தை பிழைத்திருக்கிறது. பெண். நல்ல எடை. என் அம்மா பார்த்துக்கொள்கிறாள்.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகே இனி வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவளுக்கு ரத்தக்கொதிப்பு. உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நீ ஓடிவந்துவிடுவாய், வேலை போய்விடும் என்றாள். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கத் தெரியவில்லை.

ஒன்று உன்னிடம் கேட்க வேண்டும். பிரசவ அறையில் அவளுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. நர்ஸ் வெளியே வந்து, "உங்க வீட்டுல வழியழகி யாருங்க? தூறல்னு ஒருத்தர் இருக்காங்களா? அம்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. வந்திருந்தா உள்ள அனுப்புங்க" என்று கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். "அப்படி எங்க வீட்டுல யாருமில்லை சிஸ்டர்" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தாள். "மூணாவதா யாரையோ கூப்பிடப் பாக்குறாங்க, பேரு வரலை" என்றாள். அதற்கு அப்புறம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது குழந்தை பிறந்ததும், அதற்கு அடுத்ததும்.

யார் அவர்கள்? அவளுடைய பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டேன். அந்தப் பேர்களில் பிள்ளைகள் இல்லை என்றார்கள். எனக்குத் தெரியாத தோழிகளா? அவளுக்கு வேண்டியவர்களாக இருந்தால் செய்தி சொல்ல வேண்டும்.

உன் கடிதம் ஒன்று பன்னிரண்டாம் தேதி வந்தது. அவள் பேருக்கு வந்தது, அதனால் நான் பிரிக்கவில்லை. தபால் வரும் நேரத்தில் தினமும் வாசலுக்கு வந்து நிற்பாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றும் "லெட்டர் வந்துச்சான்னு ஒருதடவை பாத்துட்டுப் போலாம்" என்றாள். பார்த்துவிட்டுத்தான் போனோம்.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆனதும் அவளுடைய பேரையே வைத்துவிடலாம் என்கிறாள் என் அம்மா. நினைவாக இருக்கும் என்கிறாள். சரியென்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது உன் அக்காவின் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். நீ என்ன நினைக்கிறாய்?

அத்தான்


ஜூலை 9

அத்தானுக்கு,

நீங்களும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு இப்போது எழுதத் தெரிந்தது இவ்வளவுதான்.

குழந்தைக்கு அக்காவின் பேரை வைக்காதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன். அந்தப் பேர் அக்காவோடு முடியட்டும். அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படியுங்கள். உங்கள் மகளுக்கு அவள் அம்மா கேட்டு வாங்கின பேர் அதில் இருக்கிறது. அக்கா அதைப் பார்க்கவில்லை. என்னால்தான் பார்க்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஆள் குறைந்த ஒரு நாள் இஸ்திரிக்கு மாற்றாக நின்றேன், இயந்திரம் என் வலது கையைப் பிடித்துக்கொண்டது. இரண்டு விரல் போயிற்று, மிச்சம் மடங்காது. அப்போதே அந்தப் பேர் என் மனசில் இருந்தது. மறுநாள் எழுதலாம் என்று இருந்தேன். இங்கே நம் எழுத்து தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை, சொல்லி எழுத வைக்க. இடது கையால் ஒரு வரி எழுதப் பழகும்வரை மே மாதம் முழுக்கப் போய்விட்டது. அக்காவுக்கு உண்மையை எழுதினால் அந்த உடம்போடு பதறுவாள் என்று மேஜை ஆடுகிறது என்று எழுதினேன். அவளும் எனக்குக் கால் வீக்கம் என்றுதான் எழுதினாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒருவரையொருவர் நன்றாகக் காப்பாற்றினோம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று என்னால் வேலைக்குப் போக முடியவில்லை.

வழியழகி, தூறல் இரண்டும் நான் அனுப்பிய பேர்கள். வயிற்றில் இருந்த பிள்ளைக்கு என்று அனுப்பினேன். நல்ல பேர், ஆனால் இந்தப் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் எழுதினாள். எதிலும் திருப்தி இல்லாதவள் என்று கேலி செய்தேன். ஏன் வேண்டாம் என்று நான் யோசிக்கவே இல்லை. வழியழகி என்றால் வழியில் பிறந்தவள். தூறல் என்றால் கொஞ்சமே பெய்துவிட்டுப் போகிற மழை. நான் யோசிக்காமல் அனுப்பினேன், அவள் சொந்தக்காரர்களைப் பார்த்துக் கொடுத்துவிட்டாள்.

அத்தான், அவர்கள் தோழிகள் இல்லை. வழியழகி உங்கள் மூத்த மகள். தூறல் உங்கள் இரண்டாவது மகள். அக்கா தன் பிள்ளைகளைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். மூன்றாவதைக் கூப்பிட அவளிடம் பேர் இல்லை.

என்னை இங்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன் இடது கையால் மூன்று நாடா தைத்திருக்கிறேன். மேஸ்திரி பார்த்துவிட்டு நூலை எடுத்துக் கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். தையல் சரியில்லை. அக்கா இருந்தால் சொல்லிக்காட்டியிருப்பாள்.

செப்டம்பரில் ஊர் வருவேன். பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

உங்கள் மச்சான்


ஆகஸ்ட் 4

அன்பு மச்சானுக்கு,

நானும் வேண்டியும் நலம். உன் கை ஆறிவிட்டதா? மறைக்காமல் எழுது.

உன் கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் குழந்தையைக் குளிப்பாட்டும்போது, "வேண்டி, கையை நீட்டு" என்று சொல்வதைக் கேட்டேன்.

நான் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். மூத்தவளை டாக்சியிலிருந்து என் பட்டறைச் சட்டையில் சுற்றித்தான் எடுத்துக்கொண்டு போனேன். வேறு துணி இல்லை. வழியெல்லாம் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. என்னவென்று கூப்பிட்டுச் சொல்வது? கிரீஸ் வாடை பட்டுவிட்டதே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் மனசுக்குள் பெரியவள், சின்னவள் என்றுதான் வைத்திருந்தேன். உன் அக்காவும் என்னைப்போலவே உள்ளே வைத்துக்கொண்டு அலைந்தாள் என்று தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவள் என்னிடம் கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

நர்ஸிடம் அப்படி யாருமில்லை என்று சொல்லிவிட்டேனே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பட்டறையில் திருகாணி முடுக்கும்போதெல்லாம் அந்தப் பதில் காதில் கேட்கிறது. என் பிள்ளைகளை என் வாயாலேயே இல்லை என்று சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டுதான் அவள் போனாளோ என்னவோ.

வேண்டியின் நாடாவை அவள் சட்டைக் காலரில் அம்மா தைத்துவிட்டாள். மற்ற இரண்டையும் உன் அக்காவின் புடவை ஒன்றில், முந்தானைக்கு உட்பக்கம், நானே தைத்தேன். எனக்கும் தையல் வராது. வெளியே போகும்போது அந்தப் புடவையில்தான் வேண்டியைச் சுற்றி எடுத்துப்போகிறேன்.

முந்தாநாள் முதல் தடுப்பூசிக்குக் கொண்டுபோனேன். அதே ஆஸ்பத்திரி. ஊசி போடும் அறையில் இருந்தது அன்றைக்கு வெளியே வந்து என்னைக் கேட்ட அதே நர்ஸ். அவளுக்கு என்னை ஞாபகம் இல்லை, எனக்கு அவளை நன்றாக ஞாபகம் இருந்தது.

"குழந்தை பேரு?"

"வேண்டியவள்."

"இப்படிக்கூடப் பேரு வைப்பாங்களா?"

"கேட்டு வாங்கினவ சிஸ்டர்."

"எத்தனையாவது குழந்தை?"

"மூணாவது."

"மூத்தது ரெண்டும்?"

"பெண்ணுங்க. பெரியவ வழியழகி. அடுத்தவ தூறல்."

அவள் கையில் ஊசியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் தொடையைத் துடைத்தாள்.

ஊசி போட்டதும் வேண்டி நன்றாக அழுதாள். வராந்தா முழுக்கக் கேட்டது.

நீ வரும் தேதியை எழுது. மூன்று பேரும் மாமனைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள்.

அத்தான்